கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்கு: ஜெட் லாக் கணக்கு

நெடுந்தூரம் பறந்து வேறு நேர மண்டலத்தில் இறங்கியதும் உடல் கடிகாரம் ஊர் நேரத்தோடு ஒத்துப்போகாமல் தூக்கம் குழம்புவதுதான் ஜெட் லாக். மேற்கே பறந்து போய் இறங்கினால் சாயங்காலமே கண்ணைச் சொக்கும், விடியும் முன்பே விழிப்புத் தட்டும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கிழக்கே பறப்பவர்களின் பாடுதான் திண்டாட்டம். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். காலையில் மூன்று அலாரம் அடித்தாலும் எழ முடியாது. மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. அதிலும் மூன்று நேர மண்டலங்களுக்கு மேல் கடந்து போகிறவர்களுக்கு. அதற்குக் குறைவான தூரத்துக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை.

கிழக்கு ஏன் கடினம்? நம் உடல் கடிகாரத்தை அதன் போக்கில் விட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணி நேரமும் கூடவே பத்துப் பன்னிரண்டு நிமிடமும் எடுத்துக்கொள்ளும். இயல்பிலேயே கொஞ்சம் பின்தங்கி ஓடுகிற கடிகாரம் அது. மேற்கே போகும்போது நாள் நீளும். தாமதமாகத் தூங்கினால் போதும், அது எல்லோருக்கும் கைவந்த கலை. கிழக்கே போகும்போது நாள் சுருங்குகிறது. தூக்கம் வராத நேரத்தில் தூங்கச் சொல்கிறோம், கடிகாரம் அடம்பிடிக்கிறது. மேற்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நகர்கிற கடிகாரம் கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேர வித்தியாசம் என்றால், ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒரு வாரம் போய்விடும்.

இந்தக் கடிகாரம் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதைத் திருப்பும் முதல் சாவி வெளிச்சம், இரண்டாவது மெலடோனின் (இரவு வந்துவிட்டதை உடலுக்குச் சொல்லும் ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கும்). சாப்பாட்டு நேரமும் உடற்பயிற்சியும் ஓரளவு கைகொடுக்கும். தண்ணீர் குடிப்பது, குளிப்பது எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் கடிகாரத்தை நகர்த்தாது.

முதல் வேலை: தாழ்புள்ளியைக் கண்டுபிடிப்பது

"இறங்கியதும் காலை வெயிலில் நட" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த அறிவுரை பாதி நேரம் சரி, பாதி நேரம் நேர் எதிரான பலனைத் தரும். எப்போது எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு எண் போதும்.

ஒவ்வொரு இரவும் உடல் வெப்பம் மெல்ல இறங்கி ஒரு கட்டத்தில் அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு ஏறத் தொடங்கும். அந்தக் கட்டத்தைத் தாழ்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அலாரம் இல்லாமல் வழக்கமாக நீங்கள் விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னால் அது வரும். ஏழு மணிக்கு எழுபவருக்கு அதிகாலை 4:30. ஒன்பது மணிக்கு எழும் இரவுக்கோழிக்கு 6:30.

விதி இதுதான். தாழ்புள்ளிக்குப் பின்வரும் சில மணி நேரம் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். கிழக்குப் பயணிக்கு வேண்டியது அதுதான். தாழ்புள்ளிக்கு முந்தைய சில மணி நேர வெளிச்சமோ கடிகாரத்தைப் பின்னே இழுக்கும். ஒரே வெயில்தான், ஆனால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே பட்டாலும் விளைவு தலைகீழ்.

இப்போது கணக்கு. தாழ்புள்ளியோடு நேர வித்தியாசத்தைக் கூட்டினால், போய்ச் சேரும் ஊர் நேரத்தில் உங்கள் தாழ்புள்ளி கிடைக்கும். ஏழு மணிக்கு எழும் ஒருவர் நியூயார்க்கிலிருந்து லண்டன் போகிறார். வித்தியாசம் 5 மணி நேரம். 4:30 + 5 = காலை 9:30. அவர் காலை 7 மணிக்கு இறங்கி, "வெயில் நல்லது" என்று உடனே நடக்கக் கிளம்பினால் தப்பான பக்கம் நடக்கிறார். 9:30 வரை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அதன் பிறகு கழற்ற வேண்டும்.

அதே ஆள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியிருந்தால் வித்தியாசம் 8 மணி நேரம். 4:30 + 8 = பகல் 12:30. அவருக்கு லண்டனின் காலை வெயில் முழுவதுமே எதிரி. ஊர் நேரம் காலை 8 என்பது அவர் உடலுக்கு நள்ளிரவு 12. அந்த வெளிச்சத்தில் தினமும் நனைந்தால், எட்டு மணி நேரம் முன்னே போக வேண்டிய கடிகாரம் பதினாறு மணி நேரம் பின்னே போய் அதே இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். "பத்து நாளாகியும் சரியாகவில்லை" என்று புலம்புகிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

வித்தியாசம் ஒன்பது, பத்து மணி நேரத்தைத் தாண்டினால் கிழக்கே போவதாக நினைக்காதீர்கள். மேற்கே போவதாக வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதுதான் பெரும்பாலோருக்குச் சுலபம். அதாவது தாழ்புள்ளிக்கு முந்தைய வெளிச்சத்தைத் தேடிப் போய், பிந்தைய வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும். 12 மணி நேர வித்தியாசத்தில் தாழ்புள்ளி மாலை 4:30க்கு வரும். முதல் நாள் முன்மதியத்திலிருந்து நாலு மணி வரை வெளியே இருங்கள், அதன் பிறகு கண்ணில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாள்களில் அந்த எல்லை சாயங்காலத்துக்கும் இரவுக்கும் நகர்ந்துவிடும். கீழே சொல்பவை எல்லாம் எட்டு, ஒன்பது மணி நேரம் வரையிலான பயணத்துக்கு.

டிக்கெட் எடுக்கும்போது

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பகலில் கிளம்பி இரவில் இறங்கும் விமானம் சிறந்தது. இறங்கியதும் படுக்கை, தப்பான வெளிச்சம் படவே படாது. ஆனால் கிழக்கு நோக்கிய நெடும் பயணங்கள் பலவும் இரவு விமானங்களே. அப்படியானால் உங்கள் தாழ்புள்ளி நேரத்துக்குச் சற்று முன்போ பின்போ தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள். மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோ பயணிக்கு, மாலை 5 மணிக்குக் கிளம்பிப் பத்து மணி நேரம் பறந்து லண்டனில் காலை 11க்கு இறங்கும் விமானம், காலை 7க்கு இறங்குவதைவிட எவ்வளவோ மேல். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, ரயில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது 12:30 ஆகியிருக்கும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து

தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். படுப்பதை மட்டும் முன்தள்ளினால் இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். முதலில் எழும் நேரத்தை மாற்ற வேண்டும், எழுந்த அரை மணிக்குள் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். தூக்கம் தானாகப் பின்தொடரும்.

வெளிச்சம் என்றால் வெளியே நின்று வாங்கும் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் விளக்கு போட்டால் சாதாரணமாக 100 முதல் 500 லக்ஸ்தான். மேகமூட்டமான பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், வெயில் நாளில் பத்தாயிரத்தைத் தாண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அறையின் நடுவே உட்கார்ந்தால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். விடியாத காலத்தில் 10,000 லக்ஸ் தரும் ஒளிப்பெட்டி உதவும். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவசரப்படக் கூடாது. மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் தாண்டலாம் என்று அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்து விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சம் தாழ்புள்ளிக்கு முன்னால் விழும். கடிகாரம் பின்னே போகும். தூக்கமும் போச்சு, பலனும் போச்சு.

மூன்று நாளும் ஒழுங்காகச் செய்தால் தாழ்புள்ளி இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்னே வந்திருக்கும். பகல் 12:30 என்று கணக்கிட்ட இடத்தில் இப்போது காலை 10, 10:30 என்று போடலாம். 11 மணிக்கு இறங்குபவர் கூலிங் கிளாஸைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளும் முடியவில்லை என்றால் ஒரு நாளாவது செய்யுங்கள். கடைசி இரவு விடிய விடியப் பெட்டி கட்டிவிட்டு "விமானத்தில் தூங்கிக்கொள்கிறேன்" என்று போவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அந்தத் தூக்கக் கடன் ஜெட் லாக்கோடு சேர்ந்து வட்டியும் முதலுமாக வசூலிக்கும்.

விமானத்தில்

கைப்பையில் நான்கு பொருள்கள்: மூக்கோரத்தில் வெளிச்சம் கசியாத ஐ மாஸ்க், இயர் பிளக், அடர்த்தியான கூலிங் கிளாஸ், கழுத்துத் தலையணை. இருக்கை ஜன்னலோரமாக இருக்கட்டும். சாய ஒரு சுவர் கிடைக்கும், ஜன்னல் மூடியும் உங்கள் கையில் இருக்கும்.

அந்த மூடி முக்கியம். கிழக்கே பறக்கும் விமானம் சூரியனை எதிர்கொண்டு போவதால் இரவு குறுகிவிடும். அட்லாண்டிக் நடுவே மூடியின் கீழ் விளிம்பில் ஆரஞ்சுக் கோடு தெரியும்போது உங்கள் உடலுக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிதான் இருக்கும். யாரோ ஒருவர் அழகு பார்க்க மூடியைத் திறப்பார், விமானத்துக்குள் பளீரென்று வெளிச்சம் பாயும். தாழ்புள்ளிக்கு முந்தைய வெளிச்சம் அது. விடியலை ரசிப்பதை இன்னொரு பயணத்துக்கு ஒத்திப்போட்டுவிட்டு மாஸ்கை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு மணி நேர இரவு விமானத்தில் தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம்தான். ஏறியதும் இரவுச் சாப்பாடு ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுக் காலை உணவு தருவார்கள். அதனால் விமான நிலையத்திலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். உட்கார்ந்ததும் பணிப்பெண்ணிடம் "சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலாக, கண்ணில் படும்படி மாட்டுங்கள். போர்வைக்குள் மறைந்திருந்தால் விமானம் குலுங்கும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க எழுப்புவார்கள்.

மது வேண்டாம். சீக்கிரம் தூக்கம் வருவது போலத் தோன்றும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தத் தூக்கம் உடையும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏற்கெனவே 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம், மது அந்தப் பாரத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்வதோ ஆபத்து. மாத்திரையை மட்டும் போட்டாலும் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க நேரும். காலில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உள்ளே காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். லிட்டர் லிட்டராகக் குடித்தால் ஜெட் லாக் வராது என்பது கட்டுக்கதை. கழிப்பறைக்குப் போகவே பாதித் தூக்கம் போகும்.

ஏறியதும் கைக்கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்றச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அது சரி. வெளிச்சத்துக்கு மட்டும் இன்னும் சில நாள் உடல் நேரமே கணக்கு; போனில் இரண்டு ஊர்க் கடிகாரமும் இருக்கட்டும்.

இறங்கிய நாளும் அடுத்த நாலு நாளும்

தாழ்புள்ளி நேரம் வரும் வரை கூலிங் கிளாஸ், உள்ளே திரை மூடிய அறை. அந்த நேரம் தாண்டியதும் கிளாஸைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் வெளியே இருங்கள். வெயிலில் காய வேண்டியதில்லை, நிழலில் நடந்தாலும் போதும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

அடுத்த நாளிலிருந்து எல்லையைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். முன்தயாரிப்பு எதுவும் செய்யாத எட்டு மணி நேரப் பயணிக்கு அட்டவணை இப்படி:

முதல் நாள்: 12:30 வரை மங்கல், 12:30 முதல் 3:30 வரை வெளிச்சம்.
இரண்டாம் நாள்: 11:30 வரை மங்கல், பிறகு 2:30 வரை வெளிச்சம்.
மூன்றாம் நாள்: 10:30 வரை மங்கல், பிறகு 1:30 வரை.
நான்காம் நாள்: 9:30 வரை மங்கல், பிறகு 12:30 வரை.
ஐந்தாம் நாளிலிருந்து எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே போகலாம். அதற்குப் பிறகு கணக்கை மறந்துவிடலாம்.

வேலை காரணமாகக் காலையில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் போங்கள், அடர் கண்ணாடியும் விளிம்புத் தொப்பியும் போதும். ஒரே விதிவிலக்கு வண்டி ஓட்டுவது. அரைத் தூக்கத்தில் அடர் கண்ணாடியோடு ஓட்டாதீர்கள். சொல்லப்போனால் முதல் இரண்டு நாள் ஸ்டியரிங்கையே தொடாதீர்கள்.

மதியம் கண்ணைச் செருகும். 20 முதல் 30 நிமிடம் தூங்கலாம், மூன்று மணிக்கு முன் எழுந்துவிட வேண்டும். போர்வைக்குள் நுழையாமல் சோபாவில் காலை நீட்டுங்கள், அலாரத்தைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். "அஞ்சே நிமிஷம்" என்று கட்டிலில் சாய்ந்தவர் இருட்டிய பிறகு எழுந்து, என்ன நாள் என்று தெரியாமல் விழிப்பது வழக்கமான காட்சி.

காபி காலையில் நண்பன். அதன் பாதி உடலிலிருந்து போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் ஓடும். கிழக்குப் பயணிக்கு ஏற்கெனவே தூக்கம் வராத நேரம் அது. படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு ஊர் நேரப்படியே. உடலுக்கு நடு இரவு என்பதால் காலை உணவு இறங்காது; கொஞ்சமாகவாவது சாப்பிடுங்கள்.

இரவுகள்

முதல் இரவு நன்றாகத் தூக்கம் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது விமானத்தில் விட்ட தூக்கத்தின் ஈடுதான், கடிகாரம் சரியானதன் அடையாளம் அல்ல. அந்தக் கடன் தீர்ந்ததும் இரண்டாம் இரவோ மூன்றாம் இரவோ கடினமாக இருக்கும். "நேற்று தூங்கினேனே, இன்று என்ன ஆயிற்று?" என்று பதறத் தேவையில்லை, எதிர்பார்த்ததுதான்.

மெலடோனின் இங்கேதான் பயன்படும். ஊர் நேரப்படி படுக்கப் போகும் சமயத்தில், இரவு 10க்கும் 12க்கும் இடையே, 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை, நாலைந்து இரவு. புதியவர்கள் குறைந்த அளவில் தொடங்கலாம். 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை. மெதுவாகக் கரையும் வகை வேண்டாம், சாதாரண வகையே போதும். தப்பான நேரத்தில், அதாவது பகலின் முற்பகுதியில் போட்டால் தூக்கம் அசத்தும், புது ஊர் நேரத்துக்குப் பழகுவதும் தள்ளிப்போகும். நடு இரவில் விழித்தாலும் மறு மாத்திரை போடாதீர்கள், காலை மந்தம் கூடும். வலிப்பு நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. சில நாடுகளில் இது கடையில் தாராளமாகக் கிடைக்கும், சில நாடுகளில் மருந்துச் சீட்டு கேட்பார்கள், கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

அரை மணி நேரமாகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கல் விளக்கில் உட்காருங்கள், போன் வேண்டாம். காலையில் எழும் நேரத்தில் ஒரு நெளிவு அனுமதிக்கலாம். முதல் இரண்டு நாள் ஒன்பது மணி வரை தூங்கினால் குடிமுழுகிவிடாது. தப்பான வெளிச்சத்திலிருந்து அதுவே காப்பாற்றுகிறது. நண்பகல் வரை தூங்கினால் அன்றைய இரவு பாழ்.

இன்னும் சில

முக்கியமான கூட்டத்தின் நேரத்தை நீங்கள் தீர்மானிக்க முடிந்தால் மாலை 4 மணிக்கு வையுங்கள். எட்டு மணி நேரம் கிழக்கே வந்தவருக்கு அது உடலின் காலை 8. ஊர் நேரம் காலை 9 என்பது அவருக்கு நள்ளிரவு ஒரு மணி. அந்த நேரத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யாருக்கும் நல்லதல்ல.

இன்சுலின் போன்று நேரம் தவறாமல் எடுக்கும் மருந்து இருந்தால், கிழக்கே போகும்போது நாள் குறுகுவதால் இரண்டு வேளைகள் நெருங்கிவிடும். அளவையும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடாதீர்கள்.

இரண்டே நாள் தங்கித் திரும்புவதாக இருந்தால் இதில் எதையும் செய்ய வேண்டாம். கடிகாரம் பாதி நகர்ந்த நிலையில் திரும்பினால் ஊரில் மறுபடி அவதி. உங்கள் ஊர் நேரத்திலேயே முடிந்தவரை தூங்கி எழுங்கள், சந்திப்புகளைப் பிற்பகலுக்கு மேல் போடுங்கள், அறையின் திரைச்சீலையில் இடைவெளி இருந்தால் துணி மாட்டும் கிளிப் கொண்ட ஹேங்கரால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கவ்வ வையுங்கள்.